ஸ்கியொப்பெத்தினோ: ஒயினில் மிளகு வாசனை நிஜமா, கட்டுக்கதையா?

வைகைக்கரை (பதிவு 1)

எல்லாருக்கும் வணக்கம். நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில் வடகிழக்கு இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தார்கள். லேபிளில் "ஸ்கியொப்பெத்தினோ தி ப்ரெபொத்தோ" என்று இருந்தது. உச்சரிப்பு சரியா தெரியாது, தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

மேசையைச் சுற்றி ஆறு பேர். நாலு பேர் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனதுமே "மிளகு, மிளகு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா ஒரு படி மேலே போய், மிளகு ரசம் தாளித்த அடுப்படி மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு நாவல்பழம் மாதிரி ஏதோ ஒரு கருப்புப் பழ வாசனை, கொஞ்சம் பூ, நல்ல புளிப்பு. அவ்வளவுதான். சத்தியமாக மிளகு வரவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவருக்கும் வரவில்லை, ஆனால் அவர் வெளியில் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு கேள்வி. ஒன்று, ஒயினில் மிளகு எதுவும் சேர்க்கிறார்களா? இரண்டு, இது என்ன திராட்சை? நான் கேள்விப்பட்டதே இல்லை.

பழையசோறு (பதிவு 2)

வைகை அண்ணே, உங்க மூக்குதான் நேர்மையான மூக்கு. ஒயின் விமர்சனம் எழுதுறவங்களைப் படிச்சிருக்கீங்களா? ஈரக்கல் வாசனை, பென்சில் சீவின வாசனை, குதிரைச் சேணம்னு அடுக்குவாங்க. யாரு போய் சேணத்தை மோந்து பார்த்தா?

முதல் ஆள் "மிளகு"ன்னு சொல்லிட்டா மிச்ச மூணு பேருக்கும் மிளகு வரும். அவர் வெட்டிவேர்னு சொல்லியிருந்தா நாலு பேருக்கும் வெட்டிவேர் வந்திருக்கும். என் கணக்கு இவ்வளவுதான்.

குடுவைக்காரி (பதிவு 3)

பழையசோறு, பொதுவா உங்க சந்தேகத்தோட எனக்கு உடன்பாடு உண்டு. ஆனா இந்த ஒயின் விஷயத்துல நீங்க தப்பான இடத்துல கம்பைச் சுத்துறீங்க. நான் வாசனைப் பொருள் பகுப்பாய்வு வேலையில இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மிளகு எதுவும் சேர்க்கிறதில்லை. திராட்சைத் தோலிலேயே ரோட்டண்டோன்னு ஒரு மூலக்கூறு இருக்கு. இதே மூலக்கூறுதான் நம்ம கருமிளகின் வாசனைக்கும் முக்கியமான காரணம். "மாதிரி" இல்லை, அதேதான். மிளகில் இது ஒயினில் இருக்கிறதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். ரோஸ்மேரி, தைம், மார்ஜோரம் இலைகளிலும் இருக்கு.

இதைக் கண்டுபிடிச்சது 2008இல், ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்துல. அவங்க ஷிராஸ்ங்கிற சிவப்புத் திராட்சை ஒயினில் வர்ற மிளகு வாசனை எங்கிருந்து வருதுன்னு தேடிக்கிட்டிருந்தாங்க. ரொம்ப நாள் கிடைக்காததுக்குக் காரணம் அளவு. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மனுஷ மூக்குக்குத் தெரிய ஆரம்பிச்சுடும். தண்ணீரில்னா 8 போதும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு கிராம் ரோட்டண்டோன் இருந்தா ஆறு கோடி லிட்டர் ஒயினை அந்த எல்லைக்குக் கொண்டுபோயிடலாம். கருவிக்கு முன்னாடி மூக்கு கண்டுபிடிச்ச சமாச்சாரம் இது.

அடுத்ததுதான் வைகை சாருக்கான பதில். அதே ஆய்வுல, கலந்துகிட்டவங்கள்ல ஏறக்குறைய ஐந்தில் ஒருத்தருக்கு இந்த வாசனை தெரியவே இல்லை. தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் வரைக்கும் ஏத்திப் பார்த்தும் தெரியலை. மத்தவங்க 8லயே கண்டுபிடிக்கிற பொருள். மூக்கில் கோளாறுன்னு அர்த்தம் இல்லை, அந்த ஒரு மூலக்கூறை மட்டும் அவங்களால பிடிக்க முடியலை, அவ்வளவுதான். ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு வரலைன்னா அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்தத் திராட்சையையே தனியா எடுத்துப் பார்த்தவங்களும் உண்டு. வட இத்தாலியில சான் மிகேலே ஆல் அதிஜேங்கிற ஊர்ல இருக்கிற எட்மண்ட் மாக் அறக்கட்டளை ஆய்வாளர்கள் 2011இல் ஸ்கியொப்பெத்தினோ, வெஸ்போலினா, ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லைனர் மூணிலும் ரோட்டண்டோன் கணிசமா இருக்குன்னு அளந்து காட்டினாங்க. க்ரூனர் வெள்ளைத் திராட்சைங்கிறதைக் கவனிங்க. நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

வைகைக்கரை (பதிவு 4)

மேடம், இது புதுச் செய்தி. ஆனால் எனக்கு வீட்டு மிளகு வாசனை நன்றாகத் தெரிகிறதே? இடிக்கும்போது தும்மலே வரும்.

குடுவைக்காரி (பதிவு 5)

தும்மலும் காரமும் வேற கணக்கு. காரம் பைப்பரின். அது நாக்கு, மூக்குச் சவ்வை உறுத்துறது, வாசனை இல்லை. ஒயினில் பைப்பரின் கிடையாது, அதனாலதான் மிளகு வாசனை அடிச்சாலும் தொண்டையில எரியாது. அப்புறம் மிளகில் பைனீன், லிமொனீன்னு வேற வாசனைப் பொருள்கள் நிறைய இருக்கு. ரோட்டண்டோன் தெரியாதவங்களுக்கும் அதெல்லாம் தெரியும். ஒயினில் அந்தத் துணைக்கூட்டம் இல்லாம ரோட்டண்டோன் தனியா வருது, அங்கதான் உங்களுக்கு வெறுமை.

பழையசோறு (பதிவு 6)

சரி, மூலக்கூறு இருக்குன்னே வெச்சுப்போம். ஆனா முதல்ல ஒருத்தர் சொன்னதைப் பார்த்து மத்தவங்க சொல்றது அதனால இல்லைன்னு ஆகிடுமா? ரெண்டும் சேர்ந்தே நடக்கலாமே.

குடுவைக்காரி (பதிவு 7)

நடக்கலாம். விருந்து மேசையில கண்டிப்பா நடக்கும். அதனாலதான் சோதனைக்கூடத்துல யாரையும் "என்ன வாசனை"ன்னு கேக்குறதில்லை. மூணு கிளாஸ் வைப்போம், ஒண்ணுல மட்டும் பொருள் இருக்கும். எது வேற மாதிரி இருக்குன்னு காட்டச் சொல்லுவோம். பேரே சொல்ல வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னா மூணுக்கு ஒண்ணு சரியாகும், அதுக்கு மேல போனாத்தான் கணக்கு. வீட்டிலயும் செய்யலாம், கருப்புத் துணி சுத்தின மூணு கிளாஸ் போதும்.

கடலோரம் (பதிவு 8)

வடகிழக்கு இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஆராய்ச்சி வேலை, இங்கே வந்து பல வருடம் ஆகிறது. இந்த ஒயின் விளையும் ஊர் எனக்கு வார இறுதிப் பயண தூரம். வைகையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஃப்ரியூலி மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டி யூத்ரியோ என்று ஒரு சின்ன ஆறு. அதன் கரையில் ப்ரெபொத்தோ. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊராட்சி. பக்கத்து ஊர் சிவிதாலே, அது பழைய லொம்பார்து நகரம், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. திராட்சைத் தோட்டத்தில் நின்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. 1866இலிருந்து முதல் உலகப்போர் வரை இதே ஆறுதான் இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்கும் எல்லை.

மண்ணை உள்ளூரில் பொன்கா என்பார்கள். சுண்ணாம்புக் களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காக இருக்கும் பாறை. கையில் எடுத்து அழுத்தினால் தகடு தகடாக உதிரும். ஒரு மழை, ஒரு வெயில் பட்டால் பொடிந்து மண்ணாகிவிடும். வடக்கே ஆல்ப்ஸ் அடிவாரக் குளிர், தெற்கே அத்ரியாதிக் கடலின் சூடு, அவ்வப்போது போரா என்னும் கிழக்குக் காற்று. பகல் சூடு, இரவு குளிர், வித்தியாசம் அதிகம்.

ஸ்கியொப்பெத்தினோ என்பதுதான் திராட்சையின் பெயர். அதற்கு இன்னொரு பெயர் ரிபொல்லா நேரா, அதாவது கறுப்பு ரிபொல்லா. பெயரைப் பார்த்து வெள்ளை ரிபொல்லாவின் கறுப்பு வடிவம் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு ரகம். ஸ்லோவேனியர்கள் பொகால்சா என்பார்கள். குலை நீளமானது, பழம் பெரிது, தோல் தடிப்பு. பழுப்பதும் தாமதம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் ஆகிவிடும். பூக்கும்போது மழையோ குளிரோ வந்தால் பிஞ்சு ஒழுங்காகப் பிடிக்காது. ஒரே குலையில் பெரிய பழமும் பட்டாணி அளவுப் பழமும் கலந்து தொங்கும். நீளக் குலையின் நுனி பின்தங்கிப் பழுக்கும் என்பதால் சிலர் கோடையிலேயே நுனியைக் கத்தரித்துவிடுகிறார்கள். விவசாயிக்கு எரிச்சலூட்டும் கொடி.

நெப்பியோலோதாசன் (பதிவு 9)

கடலோரம் சொன்ன கடைசி வரியையே பிடிக்கிறேன். எரிச்சலூட்டும் கொடி, நிச்சயமில்லாத விளைச்சல். அதனால்தான் அழியும் நிலைக்குப் போனது. அழிந்து மீண்டது என்றதும் நம்மாட்களுக்கு ஒரு பரவசம் வந்துவிடுகிறது. அரிதாக இருப்பதால் மட்டும் ஒரு ஒயின் உயர்ந்ததாகிவிடாது. இத்தாலியில் நூற்றுக்கணக்கான உள்ளூர் ரகங்கள் உண்டு. அதில் பல காணாமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது.

நெப்பியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில், அதன் பிறகுதான் சந்தைக்கே வரும். இருபது வருடம் கழித்துத் திறந்தாலும் பேசும். உங்கள் மிளகு ஒயின் அதற்குப் பக்கத்தில் நிற்குமா?

கடலோரம் (பதிவு 10)

தாசன், காரணம் நியாயமானதா என்பதில்தான் நாம் பிரிகிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பா முழுக்கக் கொடிகளைத் தின்றது. அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டி எல்லாவற்றையும் புதிதாக நட வேண்டிய நிலை. எப்படியும் புதிதாக நடுகிறோம், எதை நடுவது என்ற கேள்வி வந்தபோது ஃப்ரியூலியில் பலர் மெர்லோ, காபெர்னே நட்டார்கள். நிறையக் காய்க்கும், விற்பது எளிது. ருசியில் தோற்று வெளியேறியதில்லை இது, மகசூலில் தோற்றது.

அதற்கு மேல் போர். முதல் உலகப்போரின் இசொன்சோ போர்முனை இங்கிருந்து கூப்பிடு தூரம். 1917 அக்டோபரில் கபொரெத்தோவில் இத்தாலியப் படை உடைந்த சில நாளில் சிவிதாலே விழுந்துவிட்டது. இந்த மலைச்சரிவுகளில் கொடியைப் பார்க்க யார் இருந்திருப்பார்கள்? இரண்டாம் போருக்குப் பிறகு இளைஞர்கள் வேலை தேடி வெளியே போனார்கள், தோட்டங்கள் காடாயின.

1970இல் பாவ்லோ ரபுட்சி, தீனா ரபுட்சி தம்பதி ப்ரெபொத்தோவின் ச்சால்லா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட ஒரு நிலத்தை வாங்கினார்கள். பாவ்லோ அதுவரை ஒலிவெத்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், ஆம், தட்டச்சுப் பொறி ஒலிவெத்திதான். உள்ளூர் ரகங்கள் மட்டும்தான் நடுவோம் என்று முடிவெடுத்தார்கள். ஸ்கியொப்பெத்தினோவைத் தேடினால் கொடியே இல்லை. ஊர்த் தலைவர் பெர்னார்தோ புரூனோ உதவியோடு தோட்டம் தோட்டமாகத் தேடியதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தவை நூறுகூட இல்லை. அவற்றிலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக்கட்டித்தான் புதுத் தோட்டமே போட்டார்கள்.

வைகைக்கரை (பதிவு 11)

இந்த ரகத்துக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது என்று எங்கேயோ படித்தேன். சொந்த நிலத்தில் திராட்சை நட என்ன சட்டம்?

கடலோரம் (பதிவு 12)

அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஒயின் திராட்சைக்கு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பட்டியலில் இருந்தால் நடலாம், இல்லையென்றால் புதிதாக நடக்கூடாது. பட்டியல் போட்ட நேரத்தில் ஸ்கியொப்பெத்தினோ கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்ததால் உதினே மாவட்டப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பிஞ்ஞோலோ, தட்செலெங்கே என்ற இன்னும் இரண்டு உள்ளூர் சிவப்பு ரகங்களுக்கும் அதே கதி. நூற்றாண்டுகளாக அதே மண்ணில் இருந்த கொடி, காகிதத்தில் அந்நியன்.

இதற்குள் நுழைந்தது ஒரு சாராயக் குடும்பம். பெர்கொத்தோ ஊரின் நொனினோ குடும்பம், கிராப்பா காய்ச்சுபவர்கள். கிராப்பா என்பது ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் தோல், விதைச் சக்கையிலிருந்து வடிப்பது. அதுவரை எல்லாச் சக்கையையும் ஒன்றாகக் கொட்டி வடித்ததை, 1973இல் நொனினோ பிகொலித் என்ற ஒரே ரகத்தின் சக்கையை மட்டும் தனியாக வடித்து விற்றார்கள். அடுத்து வேறு உள்ளூர் ரகங்களின் சக்கை தேடினால் திராட்சையே இல்லை. ஆகவே 1975இல் ஒரு பரிசு அறிவித்தார்கள்: ரிசித் தௌர், ஃப்ரியூலி மொழியில் பொன் கொடிக்குச்சி. இந்த மூன்று ரகங்களை நன்றாக நடும் விவசாயிக்குப் பரிசு. சட்டம் தடுத்த வேலைக்குப் பகிரங்கமாகப் பரிசு!

1976இல் முதல் பரிசு ரபுட்சி தம்பதிக்கு. ஊரறியப் பரிசு கொடுத்தபின் அதிகாரிகள் எத்தனை நாள் கண்ணை மூடிக்கொள்ள முடியும்? சில ஆண்டுகளில் மூன்று ரகங்களும் பட்டியலுக்குள் வந்துவிட்டன. ரபுட்சியின் ரோங்கி தி ச்சால்லா பண்ணை தன் முதல் ஸ்கியொப்பெத்தினோவை 1977 அறுவடையில் எடுத்தது.

வாசகர்களுக்கு ஒரு துணுக்கு. விவசாயிக்காகத் தொடங்கிய இதே நொனினோ பரிசில் 1977இல் இலக்கியத்தையும் சேர்த்தார்கள். வி.எஸ். நைபால் 1993இல் வாங்கினார், நோபல் 2001இல். த்ரான்ஸ்த்ரோமர், மோ யான் இருவருக்கும் நோபலுக்குப் பல வருடம் முன்பே நொனினோ வந்துவிட்டது. திராட்சைக் குச்சிக்குக் கொடுத்த பரிசு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

பழையசோறு (பதிவு 13)

சாராயக்காரங்க சக்கை கிடைக்கலைன்னு சட்டத்தையே மாத்த வெச்சிருக்காங்க. இதுல பாரம்பரியத்தைக் காப்பாத்துன புண்ணியம் எவ்வளவு, யாவாரம் எவ்வளவு?

கடலோரம் (பதிவு 14)

இரண்டும்தான். யாவாரம் இல்லாமல் புண்ணியம் மட்டும் இருந்திருந்தால் இன்று அருங்காட்சியகத் தோட்டத்தில் நாலு கொடி இருந்திருக்கும், வைகை அண்ணன் கிளாஸில் வந்திருக்காது.

யாழ்க்குசினி (பதிவு 15)

வணக்கம். நான் உதினேயில ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில வேலை செய்யிறன். இந்த இழையைப் பார்க்கச் சந்தோசமா இருக்கு, இந்த ஒயினை எங்கட கடையில கிளாஸ் கணக்கிலயும் ஊத்துறவை.

கடலோரம் அண்ணை 1976 எண்டு சொன்னதில ஒண்டை விட்டிட்டார். அந்த வருசம் மே 6ஆம் திகதிதான் ஃப்ரியூலியில பெரிய பூமியதிர்ச்சி. ஆயிரத்துக்குக் கிட்டச் சனம் செத்தது. இங்கத்தைய வயசானவை எதைக் கதைச்சாலும் "பூமியதிர்ச்சிக்கு முதல்", "பிறகு" எண்டுதான் காலத்தைப் பிரிப்பினம். அந்த வருசத்திலதான் அந்தப் பரிசும் குடுத்தவை எண்டது எனக்குப் பெரிய விசயமாப் படுது. வீடு கட்டவே காசில்லாத நேரம், கொடி நட்டிருக்கினம்.

சாப்பாட்டுப் பக்கம் வாறன். இங்க பனிக்காலத்தில முசெத்தோவும் ப்ரோவாதாவும் எண்டு ஒரு சாப்பாடு. முசெத்தோ பண்டியின்ர மூஞ்சி இறைச்சி சேர்த்துச் செய்யிற சொசேஜ், அவிச்சா பிசின் மாதிரி ஒட்டும். ப்ரோவாதா எண்டா திராட்சைச் சக்கைக்குள்ள போட்டுப் புளிக்க வச்ச முள்ளங்கிச் சாதிக் கிழங்கு, டர்னிப். சீவி, மெல்லிய நெருப்பில வேக வைப்பம். அந்தப் புளிப்புக்கும் கொழுப்புக்கும் ஸ்கியொப்பெத்தினோ சரியான சோடி. அதின்ர புளிப்பு கொழுப்பை வெட்டும், துவர்ப்பு பெரிசா முன்னுக்கு வராது.

ஃப்ரிகோவுக்கும் குடுக்கிறனாங்கள். மொந்தாசியோ சீஸும் உருளைக்கிழங்கும் வெங்காயமும். தாச்சியில மெல்ல உருகவிட்டு, வடியிற எண்ணெயைச் சரிச்சு ஊத்திப்போட்டு, அடி பொன்னிறமா இறுகினாப் பிறகு தட்டால மூடி ஒரே திருப்பு. அவசரப்பட்டுத் திருப்பினா நடு உடைஞ்சு ஒழுகும். இந்த ஒயின் ஊத்துற மேசைக்குப் போற ஃப்ரிகோவில எங்கட செஃப் மிளகு தூவ விடமாட்டார். "மிளகு கிளாஸுக்குள்ள இருக்கு" எண்டுவார்.

வைகைக்கரை (பதிவு 16)

அப்படியென்றால் நம் மிளகுக் கோழி வறுவலோடு குடித்தால்?

யாழ்க்குசினி (பதிவு 17)

வேண்டாம் அண்ணை. தட்டில இருக்கிற மிளகு கிளாஸில இருக்கிறதை விழுங்கிடும். காரத்துக்கு மேல புளிப்பும் அற்ககோலும் சேர்ந்தா நாக்கு எரியும். வாத்து, காட்டு இறைச்சி, காளான், காரம் கூடாத ஆட்டிறைச்சிப் பிரட்டல் எண்டாச் சரி. சூட்டையும் பாருங்கோ, 16 டிகிரிக்கு மேல போனா அற்ககோல்தான் மூக்கில அடிக்கும். எங்கட ஊர் அறைச் சூட்டில வச்சுக் குடிக்கிற ஒயின் இல்லை இது.

நெப்பியோலோதாசன் (பதிவு 18)

கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளாஸுக்குள் இருப்பதைப் பேசுவோம். நான் குடித்த ஸ்கியொப்பெத்தினோக்களில் ஒன்று கனமான ஜாம் போல, வனிலா அடித்துக்கொண்டு, எந்த நாட்டு ஒயின் என்றே தெரியாமல் இருந்தது. இன்னொன்று தண்ணீர் மாதிரி மெலிசு. ஒரு ரகத்துக்கு ஒரு முகம் வேண்டாமா?

கடலோரம் (பதிவு 19)

இது நியாயமான குறை. தயாரிப்பில் இரண்டு பாணி இருக்கிறது. ஒரு சாரார் அறுத்த திராட்சையைச் சில வாரம் உலரவைத்து, சாறு கெட்டிப்பட்டபின் நொதிக்கவிட்டு, புது ஓக் பீப்பாயில் வைக்கிறார்கள். 15 சதவீத அற்ககோல், கறுப்பு நிறம், வனிலா. கண்ணை மூடிக் குடித்தால் அதன் ஊர் தெரியாது என்பது என் கருத்தும்தான். சந்தையில் அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் இந்தக் கொடியின் பலம் கனம் இல்லை. 13 சதவீதத்தை ஒட்டி, உயிருள்ள புளிப்பு, கருநாவல், ஊதாப்பூ, கடைசியில் மிளகு. அதைத் தேடிப் போகிறவர் அந்தப் பாட்டிலைத் தவிர்த்துவிடலாம்.

பழசாகுமா என்றீர்களே. ரோங்கி தி ச்சால்லா பழைய வருடத்து பாட்டில்களைச் சேமித்துவைத்து விற்பதற்குப் பெயர் போனது. பரோலோ மாதிரி துவர்ப்பின் பலத்தில் நிற்பதில்லை, புளிப்பின் பலத்தில் நிற்கிறது. துவர்ப்பு வேண்டுமென்றால் அண்டை வீட்டு தட்செலெங்கே இருக்கிறதே. பெயருக்கே நாக்கு வெட்டி என்று அர்த்தம்.

குடுவைக்காரி (பதிவு 20)

முகம் மாறுறதுக்குப் பீப்பாய் மட்டும் காரணம் இல்லை, தோட்டமும் வருஷமும் காரணம்.

ரோட்டண்டோன் பழத்தோல்ல கடைசிக் கட்டத்துலதான் சேரும், பழம் நிறம் மாறுறதிலிருந்து அறுவடை வரைக்கும். ஆல்ஃபா-குவாயீன்னு ஒரு பொருள் ஆக்சிஜனோட சேர்ந்து இதுவா மாறுது. ஷிராஸ்ல செஞ்ச ஆய்வுகள்படி குளிரான, மேகமூட்டமான, மழை கொஞ்சம் கூடின வருஷங்கள்ல அதிகம். நிழல்ல இருக்கிற குலையில வெயில் படுற குலையைவிட அதிகம். குலையின் சூடு 25 டிகிரியைத் தாண்டி நிக்கிற மணி நேரம் கூடக் கூட இது குறையுது.

இப்ப விவசாயிக்கு ஒரு தர்மசங்கடம். குலையைச் சுத்தி இலையைக் கிள்ளிவிட்டா காத்தோட்டம் வரும், பூஞ்சை வராது, நிறமும் நல்லா ஏறும். ஆனா வெயில் பட்டு மிளகு போயிடும். இலையை விட்டா மிளகு இருக்கும், குலை அழுகலாம். அதிலயும் ஃப்ரியூலி இத்தாலியிலயே மழை அதிகமான பகுதிகள்ல ஒண்ணு. தாசன் சார் குடிச்ச ஜாம் ஒயின் சூடான வருஷத்துல, வெயிலைத் திறந்துவிட்ட தோட்டத்துல விளைஞ்சு, உலர்த்தினதா இருந்தா அதுல மிளகைத் தேடுறதே வீண்.

கோடை சூடாகிக்கிட்டே போறது இந்த மாதிரி ரகங்களுக்கு நேரடிப் பிரச்சினை. சர்க்கரை சீக்கிரம் ஏறும், புளிப்பு இறங்கும், ரோட்டண்டோன் குறையும். ச்சால்லா மாதிரி காடு சூழ்ந்த, குளிர்ந்த பக்கப் பள்ளத்தாக்குகளோட மதிப்பு கூடும்னு நான் நினைக்கிறேன்.

பழையசோறு (பதிவு 21)

மேடம், அந்த ரோட்டண்டோன்ங்கிற பேரு எங்கிருந்து வந்துச்சு? உருண்டையா இருக்குமா?

குடுவைக்காரி (பதிவு 22)

நம்ம வயல்லேருந்து வந்துச்சுன்னா நம்புவீங்களா? கோரைக்கிழங்கு தெரியும்ல, வயல்ல பிடுங்கப் பிடுங்க முளைக்கிற களை, சித்த மருத்துவத்துல முத்தக்காசுன்னு காய்ச்சலுக்குக் கஷாயம் போடுவாங்க. அதோட தாவரவியல் பேரு சைப்பெரஸ் ரோட்டண்டஸ். அந்தக் கிழங்கு எண்ணெய்லேருந்து 1967இல் இந்திய வேதியியலாளர்கள் பிரிச்செடுத்த பொருள்தான் ரோட்டண்டோன். அப்போ அதுக்கும் மிளகுக்கும், ஒயினுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நாப்பது வருஷம் கழிச்சு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுல மறுபடி தலை நீட்டுச்சு.

பழையசோறு (பதிவு 23)

எங்கப்பாரு கோரையைத் திட்டாத நாளே கிடையாது. அதுல இருக்கிறதுக்கு இவ்ளோ விலை கொடுத்து இத்தாலிக்காரன்கிட்ட வாங்குறோமா.

யாழ்க்குசினி (பதிவு 24)

அவ்வளவு விலையும் இல்லைத் தம்பி, இங்க வாங்கினா. பரோலோ நல்ல பேருள்ளது ஒண்டு வாங்கிற காசுக்கு இதில ரெண்டு வாங்கலாம். அங்கால கப்பலேறி வரி கட்டி வரேக்கதான் கூடும்.

வைகைக்கரை (பதிவு 25)

எல்லோருக்கும் நன்றி. மிளகு எனக்கு வராது என்றாலும் ஒயின் பிடித்திருந்தது, அதை முதல் பதிவில் எழுத விட்டுப்போயிற்று. வாங்கும்போது லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

கடலோரம் (பதிவு 26)

"ஃப்ரியூலி கொல்லி ஓரியென்தாலி" என்பது பெரிய வட்டாரம். 2011க்கு முந்தைய பாட்டிலில் சொற்கள் மாறி "கொல்லி ஓரியென்தாலி தெல் ஃப்ரியூலி" என்றிருக்கும், இரண்டும் ஒன்றுதான். அதற்குள் "ஸ்கியொப்பெத்தினோ தி ப்ரெபொத்தோ" அல்லது "ச்சால்லா" என்று துணை வட்டாரப் பெயர் இருந்தால் தாய்மண்ணில் விளைந்தது. ஊரில் உள்ள தயாரிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கமும் வைத்திருக்கிறார்கள். ரோங்கி தி ச்சால்லா, பெத்ருஸ்ஸா, விஞ்ஞா பெத்ருஸ்ஸா எல்லாம் நம்பி எடுக்கலாம். கடைசி இரண்டும் தனித்தனிப் பண்ணைகள், குழப்பிக்கொள்ள வேண்டாம். அற்ககோல் சதவீதத்தைப் பாருங்கள். 13, 13.5 என்றால் எடுங்கள், 15 என்றால் உலர்த்தியதாக இருக்க வாய்ப்பு.

நெப்பியோலோதாசன் (பதிவு 27)

நான் என் கட்சியிலேயே இருக்கிறேன், ஆனால் 13 சதவீத பாட்டில் ஒன்று வாங்கிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: லெ துவே தெர்ரே என்ற பண்ணையின் சாக்ரிசாஸ்ஸி ரொஸ்ஸோவில் இதே திராட்சை இருக்கிறது என்கிறார்களே, அது கணக்கில் வருமா?

கடலோரம் (பதிவு 28)

அதே ப்ரெபொத்தோதான். ஆனால் அது ரெஃபோஸ்கோ என்ற இன்னொரு உள்ளூர் சிவப்பு ரகமும் ஸ்கியொப்பெத்தினோவும் கலந்தது. அருமையான ஒயின், மிளகை மட்டும் தேடிப் போகாதீர்கள், ரெஃபோஸ்கோ முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரெஃபோஸ்கோ பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை இன்னும் நாலு பக்கம் போகும், தனியாகத் திறந்துவிடுங்கள், வருகிறேன்.